பாலத்தில் ஏறும் முன் பாட்டைப் போடுங்கள்

பெற்றோரே, காலை ஆறே முக்காலுக்குக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நிற்கும் வாகன வரிசையை ஒரு நாள் நடைபாதையில் நின்று பாருங்கள். அக்குறணை, மடவளை, வத்தேகம, கலகெதர என்று நாலா பக்கமிருந்தும் கண்டிப் பாடசாலைகளுக்குப் போகிற பிள்ளைகள் அந்த வரிசையில்தான் இருக்கிறார்கள். ஈரம் காயாத தலை, மடியில் புத்தகப் பை, பாதித் தூக்கம். முன் சீட்டில் நாம். வரிசை கொஞ்சம் நகர்ந்ததும் நம் இடது கை ஸ்டியரிங்கை விட்டுப் போனுக்குப் போகிறது. பாட்டு மாற்ற! கண்ணும் கையோடு போகிறது.

கந்தசஷ்டிக் கவசம் போடுகிறவரும் அதைத்தான் செய்கிறார், கிராஅத் போடுகிறவரும் பிரித் போடுகிறவரும் நேற்று வந்த சினிமாப் பாட்டைப் போடுகிறவரும் அதைத்தான் செய்கிறார். போட்டது எதுவானாலும் கண் வீதியில் இல்லை.

போன் காருக்குள் எப்படி வந்தது என்று எனக்கும் தெரியும். நம் ஊரில் ஓடுகிற கார்களில் பல, ஜப்பானில் ஓடிவிட்டு வந்தவை. அங்கே எஃப்எம் 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. பழைய செட்டுகளில் 90உடன் முடிந்துவிடும். நம் நிலையங்களோ 88க்கும் 108க்கும் இடையில். காரோடு வந்த ரேடியோவில் நமக்குப் பிடித்த நிலையம் எடுபடாது. திரையில் இருக்கிற ஜப்பானிய எழுத்தும் நமக்கு விளங்காது. ஆகவே சிலர் பேண்ட் எக்ஸ்பாண்டர் பூட்டினோம். சிலர் செட்டையே கழற்றிவிட்டு ஆண்ட்ராய்டு பிளேயர் போட்டோம். அதற்குக் கை எட்டாதவர்கள் சிகரெட் லைட்டர் துளையில் எஃப்எம் டிரான்ஸ்மிட்டரைச் செருகிக்கொண்டார்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 வரை தனியாருக்குத் திறக்கப்படவில்லை. அந்தக் காலத்தில் பழைய காருக்குப் புதுச் செட் போடுவதே பலருக்குப் புதுக் கார் வாங்கிய சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளைகளோடு பாட்டுக் கேட்டுக்கொண்டு போகிற அரை மணி நேரம் நல்ல அரை மணி நேரம்.

ஆனால் ரேடியோவை ஒரு தடவை திருகிவிட்டால் அது தன் பாட்டில் ஓடும். போன் ஓடாது. காசு கட்டாமல் கேட்டால் இரண்டு பாட்டுக்கு ஒரு விளம்பரம் வந்து நிற்கும். அதைத் தாண்ட விரல் வேண்டும். கலகெதர வளைவுகளில் சிக்னல் போனால் பாட்டு திக்கும். என்ன ஆயிற்று என்று பார்க்கக் கண் வேண்டும். ஒரு பாட்டு முடிந்ததும் யாரும் கேட்காத இன்னொன்று தானாக வரும், அதுவும் சில நேரம் பிள்ளைகள் காதில் விழக் கூடாதது. கை தானாகப் பாயும். முன்பெல்லாம் இடது கைக்குக் கியர் மாற்றும் வேலை இருந்தது. ஆட்டோ கியர் வந்தபின் அந்தக் கை சும்மா இருக்கிறது, போனைத் தேடுகிறது.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு வினாடிக்கு 11 மீட்டர் போகிறது. ஒரு பாட்டைத் தேடி அழுத்த மூன்று வினாடி என்று வையுங்கள். மூன்று பஸ்களை வரிசையாக நிறுத்திய தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிவிட்டீர்கள். அந்தத் தூரத்துக்குள் ஒரு மஞ்சள் கடவை இருக்கும். பாடசாலை விட்ட நேரம் என்றால் அதில் வெள்ளைச் சீருடையும் இருக்கும்.

இதை மற்றவர்களைப் பார்த்து மட்டும் சொல்லவில்லை. ஒரு மழை நாள், ஒன்றரை மணிக்கு மகளை ஏற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். பாலத்தை நெருங்கும்போது பாட்டின் நடுவில் விளம்பரம் வந்தது. தாண்டக் கை நீட்டினேன். நிமிர்ந்தபோது முன்னால் ஒரு பாடசாலை வான் நின்றிருந்தது. பிரேக் பிடித்தேன், ஒரு சாண் இடைவெளியில் நின்றேன். மகள் முன் சீட்டில் நெற்றி இடித்துக்கொண்டாள். அவளுக்கு நான் பெல்ட் போட்டுவிடவில்லை, அதுவும் என் பிழை. அழவில்லை. நெற்றியைத் தடவிக்கொண்டே, "அம்மா, அது தானா முடிஞ்சிருக்கும்தானே" என்றாள். அந்த வானின் பின் கண்ணாடியில் நாலைந்து சின்ன முகங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஓட்டும்போது போன் பாவிக்கிறவர் விபத்தில் மாட்டும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். போனைக் கையில் பிடித்து ஓட்டுவது நம் நாட்டுச் சட்டப்படி குற்றம். நாமோ பொலிஸ்காரர் நிற்கும் சந்தியில் மட்டும் போனை மடியில் இறக்கிவிட்டு, அவரைக் கடந்ததும் எடுக்கிறோம். பின் சீட்டில் இருக்கிற பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. இன்னும் பத்து வருடத்தில் அந்தப் பிள்ளையும் லைசன்ஸ் எடுக்கும்.

படத்தோடு பாட்டுப் போடுகிறவர்களிடம் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. பிளேயரின் திரை பெரியது என்பதற்காக, ஓட்டுகிறவர் முகத்துக்கு நேரே ஆட்டமும் பாட்டமும் ஓடவிடுகிறீர்களே, எந்த மனதோடு? பிள்ளை கேட்டது, அழுதது என்கிறீர்கள். அழட்டும். அழுகிற பிள்ளையை வீட்டில் இறக்கி மடியில் வைத்துச் சமாதானம் சொல்லலாம்.

சத்தத்தையும் குறையுங்கள். சின்னக் கார்களில் பின் கதவு ஸ்பீக்கர், பிள்ளையின் காதுக்கு ஒரு முழ தூரம்கூட இல்லை. போனில் பாட்டுக் கேட்கும் பிள்ளைகளுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் அளவு வைத்திருக்கிறது. சத்தம் ஏற ஏறத் தாங்கும் நேரம் வேகமாகச் சுருங்கும். முன் சீட்டில் உங்களுக்கு அளவாகக் கேட்பது பின்னால் இடி. அதோடு, 1880இலிருந்து மாத்தளைக்கு ரயில் ஓடுகிற பாதை நம் ஊர் வழியாகத்தான் போகிறது. தண்டவாளத்தைக் கடக்கிறவருக்கு ரயில் கூவுவது கேட்க வேண்டும். அம்புலன்ஸ் கேட்க வேண்டும், பின்னால் வருகிற திரீவீலரின் ஹோர்ன் கேட்க வேண்டும்.

பிள்ளையை வானில் அனுப்புகிறவர்களும் தப்ப முடியாது. வான் அங்கிள் நல்லவர், நேரத்துக்கு வருகிறார், மாதக் காசில் கறார் இல்லை, எல்லாம் சரி. அவர் போனை எங்கே வைத்திருக்கிறார் என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? கேட்டால் கோபிப்பார் என்று பயப்படாதீர்கள். நாலு பெற்றோர் சேர்ந்து மரியாதையாகச் சொன்னால் கேட்பார்.

அப்போ பாட்டே வேண்டாமா என்று என் தங்கை கேட்டாள். வேண்டும். 1925 டிசம்பரில் கொழும்பில் வானொலி தொடங்கிய நாடு இது. கடல் தாண்டித் தமிழ்நாடு முழுக்கக் காது கொடுத்துக் கேட்ட இலங்கை வானொலித் தமிழ் அறிவிப்பாளர்கள் நம்மவர்கள்: மயில்வாகனம், கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத். பாட்டுக்கு முன்னால் எந்தப் படம், யார் எழுதியது, யார் இசை, யார் பாடியது என்று சொல்லிவிட்டுத்தான் பாட்டை விடுவார்கள். கேட்டு வளர்ந்த எங்களுக்குக் கவிஞர் பெயர்கள் பாடப்புத்தகம் இல்லாமலே மனப்பாடம். இன்றைய பிள்ளைகளுக்கு முதல் வரி தெரியும், எழுதியவரைத் தெரியாது.

எங்கள் வீட்டில் அந்த அறிவிப்பாளர் வேலையை மகளிடம் கொடுத்துவிட்டேன். ஞாயிறு இரவு வீட்டு வைஃபையில் வாரத்துக்கான பாட்டுகளை இறக்கி வைக்கிறோம். பத்து அவளுக்கு, பத்து எனக்கு, ஐந்து அம்மம்மாவுக்கு. இறக்கி வைத்த பாட்டு வளைவில் திக்காது, டேட்டாவும் தின்னாது. காலையில் கேட்டைத் திறக்கும் முன் பாட்டைத் தொடக்கிவிட்டு, போனை என் கைப்பைக்குள் போட்டுப் பையைப் பின் சீட்டில் வைத்துவிடுகிறேன். புளூடூத்துக்குப் பைக்குள் இருந்தாலும் ஒன்றுதான். மகள் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் விபரம் சொல்கிறாள். தவறாகச் சொன்னால் வீட்டுக்குப் போய்த் தேடுகிறோம். பிடிக்காத பாட்டு வந்தால் நாலு நிமிடம் பொறுத்துக்கொள்கிறோம். அம்மம்மாவின் பாட்டுகளில் இரண்டு இப்போது அவளுக்குப் பிடித்துப்போய்விட்டன.

இன்றிரவே பட்டியலைப் போட்டு வையுங்கள். நாளைக் காலை பாலத்தில் ஏறும்போது உங்கள் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும். எனக்கு முன்னால் நின்ற அந்த வானில் இருந்தது உங்கள் பிள்ளையாக இருக்கலாம்.