பாட்டு திறந்துவிட்ட கதவு

கடந்த ஆண்டு ஒரு முற்பகல் வேளையில், புதுதில்லியில் நான் பணியாற்றும் கிளைக்குக் கொலம்பியா நாட்டைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் தம் மகளுடன் வந்தார். கையிலிருந்த டாலர்களை ரூபாயாக மாற்றிக்கொள்வது அவர்கள் தேவை. மகள் ஆங்கிலத்தில் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்க, அந்த அம்மையார் என் மேசைக்கு எதிரே அமைதியாக அமர்ந்திருந்தார். இரண்டு ஆண்டுகளாக ஸ்பானியப் பாடல்களைக் கூடவே பாடிப் பாடி அம்மொழியைக் கற்றுவந்த எனக்கு, அதைப் பேசிப் பார்க்கக் கிடைத்த முதல் வாய்ப்பு அது. புன்னகையுடன் "கே கியேரெஸ்?" என்றேன். 'தங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டுவிட்டதாகவே என் நினைப்பு. அம்மையாரின் முகம் சற்றே மாறியது. மகள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டார். உண்மையில் நான் கேட்டது, 'உனக்கு என்ன வேண்டும்?' என்பது!

தமிழைப் போலவே ஸ்பானிய மொழியிலும் நீ, நீங்கள் என்னும் வேறுபாடு உண்டு. 'தூ' என்றால் நீ. 'உஸ்தேத்' என்றால் நீங்கள். நான் பாடிப் பழகியவை பெரும்பாலும் காதல் பாடல்கள். காதலியை யார் நீங்கள் என்று அழைக்கிறார்கள்? அது போகட்டும் என்று அடுத்ததாகக் கையெழுத்துக் கேட்க முனைந்தேன், சொல் கிடைக்கவில்லை. இதயம், கண்ணீர், பிரிவு, நிலவு ஆகிய அனைத்துக்கும் என்னிடம் ஸ்பானியச் சொல் இருந்தது. கையெழுத்தைக் குறிக்கும் 'ஃபிர்மா' என்னும் எளிய சொல்லை மட்டும் எந்தப் பாடலும் எனக்குக் கற்றுத்தந்திருக்கவில்லை.

இந்நிகழ்ச்சியைக் கேட்ட அலுவலக நண்பர், "பாட்டுப் பாடினால் மொழி வந்துவிடுமா?" என்று நகைத்தார். அவர் கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும், நடுத்தர வயதில் புதுமொழி கற்க விழைவோருக்குப் பாட்டைவிட நல்ல நுழைவாயில் இல்லை என்பதே என் கருத்து. நுழைவாயிலையே வீடென்று எண்ணி அங்கேயே நின்றுவிடுவதுதான் பிழை.

நாற்பதைக் கடந்தவர்க்கு மொழி கற்பதில் பெருந்தடை நினைவாற்றல் அன்று, நாணமே. இதை நான் பட்டறிந்தவன். முன்பு இடமாற்றலில் ஒடிசாவில் மூன்று ஆண்டுகள் பணியாற்றினேன். பிழையாகப் பேசிவிடுவேனோ என்ற அச்சத்தால் ஒடியா மொழியில் வாய் திறக்கவே இல்லை. ஓய்வூதியம் பெற வரும் முதியவர்கள் என் மேசையருகே வந்து தயங்கி நின்று, பேசத் தெரிந்த ஊழியரைத் தேடிப் போவார்கள். அந்தக் காட்சி இன்றும் என்னை உறுத்துகிறது. பாட்டில் இந்த அச்சம் எழுவதில்லை. எவரும் நம்மைக் கேள்வி கேட்டு விடைக்காகக் காத்திருப்பதில்லை. தாளம் நம்மை இழுத்துச் செல்கிறது. ஒரு சொல் தவறினால் அடுத்த அடியில் சேர்ந்துகொள்ளலாம். வாய் முதலில் துணிகிறது; அறிவு பின்னால் வந்து சேர்கிறது.

இது வெறும் அனுபவப் பேச்சு அன்று. எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், ஹங்கேரிய மொழி அறியாத 60 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தனர். ஒரே தொடர்களை ஒரு குழு பேசியும், மற்றொன்று தாளத்தோடு சொல்லியும், மூன்றாவது பாடியும் 15 நிமிடம் கற்றன. அத்தொடர்களைத் திரும்பச் சொல்வதில் பாடிக் கற்றவர்களே முந்தினர்.

தமிழருக்கு இவ்வாயிலில் கூடுதல் சலுகையும் உண்டு. ஸ்பானிய மொழியின் உயிரொலிகள் ஐந்து. அவை நம் அ, இ, உ, எ, ஒ ஆகியவற்றை ஒத்தவை. நம் ஞகரத்துக்கு அங்கே தனி எழுத்தே இருக்கிறது. வினைமுற்றே ஆளைக் காட்டிவிடும். 'கான்தோ' என்றால் பாடுகிறேன், 'கான்தாஸ்' என்றால் பாடுகிறாய். ஆங்கிலத்தில் விரும்புபவர் எழுவாயாக நிற்பார். ஸ்பானியரோ 'மே குஸ்தா' என்பர். அது 'எனக்குப் பிடிக்கும்' என்னும் நம் தொடரின் அமைப்பேதான். 'மி', 'அமோர்' என்னும் இரு சொற்கள் பாட்டில் 'மியமோர்' என ஒலிக்கும்போது, மணி, அடித்தான் என்பன மணியடித்தான் என்று புணர்ந்த பள்ளிப்பாடம் நினைவுக்கு வருகிறது.

எனினும் எச்சரிக்கையும் வேண்டும். தொடக்கத்தில் பாடல்களைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் பாடினேன். மெக்சிகோ, கொலம்பியா முதலிய நாடுகளின் நாணயமான பெசோவையும், முத்தத்தைக் குறிக்கும் சொல்லையும் நம் எழுத்தில் ஒரேவிதமாகத்தான் எழுத முடியும். முதலெழுத்தின் ஒலிப்பு மட்டுமே வேறு. வங்கி அலுவலர் அதில் தவறினால் விளைவு என்னவாகும் என்பதை வாசகர்களின் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன். எழுத்தை நம்பாமல் செவியை நம்ப வேண்டும் என்பது அன்று கற்ற பாடம்.

பாட்டு எதுவரை கொண்டுசெல்லும் என்பதை இரு புகழ்பெற்ற பாடகர்களின் வாழ்க்கை தெளிவாக்கும். அமெரிக்கப் பாடகர் நாட் கிங் கோல் 1958இல் ஸ்பானியப் பாடல்கள் அடங்கிய இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டார். அவர் அம்மொழி அறியாதவர். ஒலிகளை மட்டும் பயின்று பாடினார். இலத்தீன் அமெரிக்க மக்கள் அப்பாடல்களைக் கொண்டாடினர். ஒரு கலைஞருக்கு அது போதும். மொழியை விழைவோருக்குப் போதாது.

மற்றொருவர் டெக்சாஸ் மாநிலத்தில் 1971இல் பிறந்த செலீனா. மெக்சிகோ வம்சாவளியினராயினும் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர். தந்தை சொல்லிக்கொடுக்க, பொருள் முழுதும் விளங்காமலே சிறுமியாக ஸ்பானிய மொழியில் பாடத் தொடங்கினார். வளர்ந்தபின் அம்மொழியை முயன்று கற்று, மெக்சிகோ நாட்டுச் செய்தியாளர்களுக்குப் பிழைகளோடேனும் அம்மொழியிலேயே விடையளித்தார். மக்கள் பிழைகளைப் பொருட்படுத்தவில்லை, முயற்சியை நேசித்தனர். 1995இல் 23 வயதில் அவர் உயிரிழந்தார். இன்றும் அவரைத் தம்மவராகவே அம்மக்கள் போற்றுகின்றனர்.

வணிகவியல் பயின்ற எனக்கு இது இரட்டைப் பதிவு முறையாகத் தோன்றுகிறது. பாடிய சொல் ஒவ்வொன்றும் ஒரு பக்கப் பதிவு. அதன் பொருளையும், யாரிடம் அதைச் சொல்லலாம் என்பதையும் மறுபக்கத்தில் எழுதினால்தான் கணக்கு நேராகும்.

ஆகவே, இப்போது என் பயிற்சியைச் சற்றே மாற்றிக்கொண்டிருக்கிறேன். சொற்கள் விரைந்தோடும் புதிய பாடல்களைத் தள்ளிவைத்து, பொலேரோ என்னும் மெதுநடைப் பாடல்களைத் தேர்கிறேன். வாரத்துக்கு ஒரு பாடல். மெட்ரோ ரயில் பயணத்தில் செவிக்கு, வீட்டில் வாய்க்கு. மனப்பாடமானதும் அதிலுள்ள வினைச்சொற்களைப் பிரித்தெடுத்து, அவற்றைக் கொண்டு சொந்தமாக ஐந்து தொடர் அமைக்கிறேன். இறுதியாக, ஒவ்வொரு தொடரையும் எதிரே ஒரு முதியவர் அமர்ந்திருப்பதாக எண்ணி, 'உஸ்தேத்' போட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். வகுப்பில் சேர விரும்புவோருக்குத் தில்லியில் செர்வாந்தஸ் நிறுவனமும் உள்ளது. வரும் பருவத்தில் நானும் சேர எண்ணியுள்ளேன்.

அன்று பணத்தை எண்ணிக் கொடுத்தபின், மூத்தவர்களுக்கு எப்படி விடைகொடுப்பது என்று அந்த மகளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, "கே லே பாயா பியென்" என்றேன். நல்லபடியாகப் போய்வாருங்கள் என்பது அதன் பொருள். அம்மையார் நின்று, எனக்குப் புரியும்படி ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி மறுமொழி கூறினார். பாதிதான் விளங்கியது. ஆயினும் என் மேசையருகே தயங்கி நின்று திரும்பிப்போன ஒடிசா முதியவர்களை எண்ணிக்கொண்டேன். பிழையாகவேனும் அன்றே நான் வாய் திறந்திருக்கலாம்.

அடுத்த இடமாற்றல் எந்த மாநிலத்துக்கு என்பது எனக்குத் தெரியாது. அந்த மண்ணின் பாட்டொன்றைப் பாடிக்கொண்டே அங்கு போய்ச் சேர்வது என்று மட்டும் முடிவு செய்திருக்கிறேன்.