பேசாத ஹம்லெற்

குரல்வளத்தினால் ஆங்கில மேடையில் அழியாப் புகழ் எய்திய நடிகர் ஒருவர், தமக்குப் பெயர் தேடித் தந்த அதே வேடத்தை ஊமைப்படத்தில் நடிக்க நேர்ந்தது. சேர் ஜோன்ஸ்ரன் போப்ஸ் றொபேட்சன் என்பவரே அவர். சேக்ஸ்பியரின் நாடகங்களைப் பாடமாகப் பயிலும் மாணவர்கள் அவர் வரலாற்றையும் சிறிது அறிந்திருத்தல் நன்று.

1853 ஆம் ஆண்டு இலண்டனிற் பிறந்த அவர் நாடியது ஓவியக் கலையை. றோயல் அக்கடமியிலே பயின்றார். ஆயின், கலை விமரிசகரான தந்தையாருக்குப் பிள்ளைகள் பதினொருவர்; இவரோ மூத்தவர். பொருள் தேட வேண்டியவராய் 1874 இல் மேடையேறினார். முதுபெரும் நடிகர் சாமுவேல் பெல்ப்சிடம் செய்யுளை உரைக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். ஓசையும் கெடாது பொருளும் மறையாது சொல்லும் அந்த ஆற்றலே பின்னாளில் அவருக்குத் தனிச் சிறப்பாயிற்று. நடிப்பிலே தாம் இன்பங் கண்டது மிக அரிது என 1925 இல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே கூறுகிறார். விரும்பாத தொழிலில் ஒருவர் இவ்வளவு உயர்ந்தது வியப்பே!

1897 இல், லைசியம் அரங்கிலே முதன்முதலாக ஹம்லெற்றாகத் தோன்றியபோது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. வெறிகொண்டு அலறும் இளவரசனாக அன்றி, சிந்திக்கும் கல்விமானாக அவனைக் காட்டினார். இறுதியிலே போட்டின்பிராஸ் வந்து அரசேற்கும் காட்சியையும் மீண்டும் சேர்த்தார். வேறு தலைமை நடிகர்கள் அதனை வெட்டி எறிவது வழக்கம். தாம் இறந்த பின் இன்னொருவன் மேடையை ஆள்வதை அவர்கள் எங்ஙனம் பொறுப்பர்? பேர்னாட் ஷோ இவரை மனத்திற் கொண்டே தமது 'சீசரும் கிளியோபாற்றாவும்' என்ற நாடகத்தை 1898 இல் எழுதினார்.

1913 இல், ட்றூறி லேன் அரங்கிலே இலண்டன் மக்களிடம் விடைபெற்றார்; சேர் பட்டமும் அப்பொழுதே கிடைத்தது. அதே ஆண்டில் ஹெப்வேத் படநிலையத்தார் அவருடைய ஹம்லெற்றைப் படமாக்கினர். லல்வேத் கடற்கரையிலே பொய்க் கோட்டை ஒன்று எழுந்தது. ஒபீலியாவாக நடித்தவர் அவர் மனைவியார் கேற்றூட் எலியற். மாணவப் பருவத்து இளவரசனுக்கோ வயது அறுபது!

ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடும் அப்படம் இன்றும் அழியாது உள்ளது. நாடகத்தையே படம் பிடித்து வைத்தார்கள் என்று குறை கூறுவோர் உளர்; அது முற்றும் பொய்யன்று. ஆனால் அவரை மட்டும் உற்று நோக்குங்கள். கைகளை வீசுவதில்லை; விழிகளை உருட்டுவதில்லை. ஓவியர் வரைந்த உருவம்போல் நிற்கிறார். சேக்ஸ்பியரின் சொற்களை மேடையிற் போலவே உதடுகள் உரைத்துக்கொண்டிருக்கின்றன, ஒலிதான் இல்லை. முதுமையிலே ஹம்லெற்றின் மொழிகள் சிலவற்றை அவர் இசைத்தட்டிற் பேசினார். உருவம் படச்சுருளிலும் குரல் இசைத்தட்டிலுமாகத் தனித்தனியே எஞ்ச, 1937 இல் அவர் காலமானார்.