வீதியே நமது சபை



வருகிற பொங்கலை ஒட்டி பொம்மனஹள்ளியில் ஒரு வீதி விழா நடத்த வேண்டும், அதில் பாட்டுக்கும் பறைக்கும் ஒரு முட்டுச்சந்தை ஒதுக்க வேண்டும் என்ற யோசனை நமது சங்கத்தில் எழுந்திருக்கிறது. பந்தல் இல்லை, நாற்காலி வரிசை இல்லை, பிரமுகர்களுக்கு முன்னிருக்கையும் இல்லை. லாரியின் பின்தட்டே மேடை. வாசற்படியும் மொட்டைமாடியுமே அரங்கம். இந்த விசித்திரமான சங்கீத சபையைக் கேலி செய்தவர்களும் உண்டு. ஆனால் கேலியை விடக் கனமான மூன்று கேள்விகளும் வந்திருக்கின்றன. அவற்றுக்குப் பதில் சொல்வது நமது கடமை.

முதல் கேள்வி: கூலிக்கும் வாடகைக்கும் போராட வேண்டிய சங்கத்துக்குக் கொட்டும் கூத்தும் எதற்கு?

லண்டன் நகரத்து நாட்டிங் ஹில் பகுதியைப் பாருங்கள். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பிழைக்க வந்த கறுப்புத் தொழிலாளர்கள் அங்கே ஒண்டுக் குடித்தனம் இருந்தார்கள். 1958 ஆகஸ்டில் வெள்ளை வெறிக் கும்பல்கள் அவர்களைத் தாக்கின. அவர்களுக்காகப் பத்திரிகை நடத்திய கிளாடியா ஜோன்ஸ் என்ற கம்யூனிஸ்ட் வீராங்கனை, 1959 ஜனவரியில் ஒரு மண்டபத்துக்குள் அவர்களது ஊர்த் திருவிழாவை நடத்திக் காட்டினார். 1966இல் ரோன் லாஸ்லெட் என்ற சமூக சேவகி அப்பகுதியில் வீதி விழா ஒன்றை நடத்தினார். அதில் வாசிக்க வந்த ரஸல் ஹெண்டர்சன் குழுவினர் நின்ற இடத்தை விட்டு வாசித்துக்கொண்டே நடக்க, ஜனங்கள் பின்தொடர, அதுவே ஊர்வலமாயிற்று. இன்று ஆகஸ்ட் மாதக் கடைசியில் லட்சக்கணக்கானோர் கூடும் விழா அது. தெருமுனைகளில் ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கி நிறுத்தி, ஒவ்வொரு முனையும் ஒரு பாட்டரங்கமாகிறது. அடிபட்ட மக்கள் அதே தெருவில் தலைநிமிர்ந்து நின்றதன் அடையாளம் அது. இதைக் களியாட்டம் என்று ஒதுக்கிவிட முடியுமா?

நமக்கும் தெருவின் அருமை தெரியும். 2016 ஏப்ரலில், வருங்கால வைப்பு நிதியை எடுக்க மத்திய அரசு போட்ட கட்டுப்பாட்டை எதிர்த்து, கார்மெண்ட்ஸ் பெண்கள் ஆயிரக்கணக்கில் இதே ஓசூர் ரோட்டில் இறங்கினார்கள். தடியடியும் கண்ணீர்ப்புகையும் வந்தன. ஆனால் அரசு அந்த உத்தரவை வாபஸ் வாங்கியது. ஒருவரையொருவர் அறிந்தவர்கள்தான் ஒன்றாக நிற்க முடியும். ஷிப்டும் ஓவர்டைமும் நம்மைப் பக்கத்து வீட்டாரின் பெயர்கூடத் தெரியாதவர்களாக ஆக்கிவிட்டன. சேர்ந்து பாடுகிற தெருதான் நாளை சேர்ந்து கேட்கிற தெரு.

இரண்டாவது கேள்வி: 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரியின் பேரால் இந்நகரில் நடந்த வன்முறை போதாதா? தமிழில் பாடி வம்பை விலைக்கு வாங்கலாமா?

இந்தப் பயத்தை நாங்கள் ஏளனம் செய்யவில்லை. பொருளையும் தூக்கத்தையும் இழந்தவர்களின் பயம் அது. ஆனால் இந்நகரின் வரலாறு பயத்தை மட்டும் சொல்லவில்லை. பெங்களூரின் பெரிய இரவுத் திருவிழாவான கரகத்தை நடத்துகிறவர்கள் யார்? தோட்டத் தொழிலில் வாழ்ந்த திகளர் சமூகத்தார். அவர்களில் பலருடைய வேர் தமிழ் பேசும் மண்ணில் இருக்கிறது. தர்மராயர் கோயிலிலிருந்து புறப்படும் அந்தக் கரகம் மஸ்தான் சாபு தர்காவுக்கும் போய்த்தான் திரும்புகிறது. 1991 முதல் திறக்க முடியாமல் மூடிக் கிடந்த அல்சூர் திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதே மாதம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. கொடுத்துப் பெற்ற மரியாதை அது.

ஆகவே நமது சந்தில் கன்னடத்துத் தமடையும் முழங்கட்டும். பறைக்கும் தமடைக்கும் தோல் ஒன்று, தீயில் காய்ச்சும் முறை ஒன்று, அடிக்கிறவனின் வறுமையும் ஒன்று. விழாக் குழுவில் கன்னடத் தோழர்களும் தெலுங்கு, உருது, இந்தி பேசும் தொழிலாளர்களும் உட்காரட்டும். நாம் கேட்பது தனித் தெரு அல்ல, பொதுத் தெருவில் நமது பங்கு.

மூன்றாவது கேள்விதான் எங்களை அதிகம் வருத்தியது: சாவுக்கு அடிக்கிற பறையைப் பொங்கலுக்கு அடிக்கலாமா?

ஊரை விட்டு வந்தோம். சாதியை ரயிலேற்றிக் கூடவே கொண்டுவந்து விட்டோமா? டிரினிடாடில் வெள்ளை அரசு 1880களில் மத்தளத்துக்குத் தடை போட்டது. மக்கள் மூங்கிலைத் தட்டினார்கள். பிறகு தகர டப்பாவை, கடைசியில் எண்ணெய் பீப்பாயை அடித்து வளைத்துச் சுரம் பிரித்தார்கள். அந்தப் பீப்பாய்தான் லண்டன் தெருவில் முழங்கிய வாத்தியம். இழிவென்று ஒதுக்கப்பட்ட ஓசையை அவர்கள் பெருமையாக்கினார்கள். நம் நாட்டிலும் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி ஆடுகிறார்கள். பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2015இல் சென்னை பெசன்ட் நகர் அருகே ஊரூர் ஆல்காட் மீனவர் குப்பத்தில் ஒரு விழா தொடங்கியது. பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் குப்பத்து மக்களோடு சேர்ந்து நடத்திய அவ்விழாவில், சபா மேடைச் சங்கீதமும் நாட்டார் கலைகளும் பறையும் சமமாக இடம்பெற்றன. சபாவில் டிக்கெட் வாங்கிக் கேட்டவர்கள் குப்பத்தைத் தேடி வந்தார்கள். அன்று குப்பத்து மக்களே விருந்து அழைத்தவர்கள், மற்றவர்கள் விருந்தாளிகள்.

இன்னொரு பாடமும் உண்டு. 2007இல் தமிழக அரசின் ஆதரவோடு தொடங்கிய சென்னை சங்கமம், பூங்காக்களிலும் வீதிகளிலும் கிராமியக் கலைஞர்களை ஆட வைத்தது. நல்ல காரியம். ஆனால் 2011இல் ஆட்சி மாறியதும் அது நின்றது. 2023 பொங்கலில்தான் மீண்டும் வந்தது. பிறர் பணத்தில் நடக்கும் விழா பிறர் மனம் மாறினால் நின்றுவிடும். எனவே கட்சிக்காரரிடமும் காண்டிராக்டரிடமும் கை நீட்ட வேண்டாம். வீட்டுக்கு வீடு முடிந்ததைப் பெறுவோம். வரவு செலவை இப்பத்திரிகையிலேயே அச்சிடுவோம்.

நம்மை நாமே கட்டுப்படுத்திக் கொள்ளவும் வேண்டும். போலீஸ் அனுமதி முன்கூட்டியே பெற வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கியும் வாத்தியமும் கூடாதென்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. அதற்கு முன்பே முடித்துக் கொள்வோம். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர் வீட்டுப் பக்கம் பெட்டியைத் திருப்ப வேண்டாம். குடித்துவிட்டு வருகிறவருக்கு இடமில்லை. முதல் ஒரு மணி நேரம் பெண்களுக்கே: கும்மியோ, தாலாட்டோ, நடவுப் பாட்டோ, அவர்கள் விருப்பம். ஊர்ப் பாட்டறியாமல் இங்கே பிறந்து வளரும் பிள்ளைகள் முன்வரிசையில் உட்காரட்டும்.

நாம் இந்நகரின் சுவரைக் கட்டினோம், சட்டையைத் தைத்தோம், குப்பையை வாரினோம். அதன் தெருவில் ஒரு மாலைப் பொழுது நின்று பாட நமக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைப் பயத்துக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம், சாதிக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பெயர் கொடுக்க வாருங்கள், தோழர்களே! பறை இருப்பவர் பறையோடு வரட்டும். இல்லாதவர் குரலோடு வரட்டும்.