நூறுக்கு ஐம்பது

போன சனிக்கிழமை ஸ்கார்பரோவில் அக்கா வீட்டுக்குப் போனேன். பெறாமகனுக்கு முன்னால் ஒரு கோப்பை புட்டு, வாழைப்பழம், பக்கத்தில் ஒரு கப் சத்துமா. பெடியன் அழுதுகொண்டிருக்கிறான். என்ன விஷயம் எண்டு கேட்டால், "டொக்டர் சொன்னவர், இவன்ர பி.எம்.ஐ. ஐம்பதாவது பெர்சென்டைலாம். நூறுக்கு ஐம்பது! பாதிதானே!" எண்டு அக்கா கவலைப்படுறா.

எங்கட சனத்துக்கு நூறு எண்டு காதில விழுந்தால் அது சோதனை மார்க்ஸ்தான். (நல்லவேளை, டியூஷனுக்கு அனுப்பேல்லை.)

இந்த வயதுப் பெடியள் நூறு பேரை பி.எம்.ஐ. வரிசையில் நிற்பாட்டினால் இவன் நடுவில் நிக்கிறான். அவ்வளவுதான். கனடாவுக்கென 2010இல் வந்த உலக சுகாதார நிறுவன வளர்ச்சி அட்டவணையில், 5 வயதுக்கு மேல் 85ஐத் தாண்டினால் எடை கூட. 97ஐத் தாண்டினால் உடற்பருமன். 3க்குக் கீழே போனால்தான் மெலிவு. அக்காவின் கணக்கில் 97 எடுக்கிறவன் கெட்டிக்காரன்!

போதாக்குறைக்கு இணையத்தில் பெரியாக்களுக்கான கணிப்பானிலும் போட்டுப் பார்த்திருக்கிறா. 6 வயது, 116 செ.மீ., 20.6 கிலோ. கிலோவை, மீட்டரிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 15.3. பெரியாக்களுக்கு 18.5க்குக் கீழே எண்டால் மெலிவு, அக்கா பயந்துபோனா. ஆனால் ஆறு வயதுப் பெடியனுக்கு 15.3தான் நடு. அதே 18.5 இவனுக்கு இருந்திருந்தால் டொக்டர் பருமன் எண்டிருப்பார். சின்னதில் இந்த எண் இறங்கி, ஐந்தாறு வயதுக்குப் பிறகுதான் திரும்ப ஏறும். வயதும் ஆணா பெண்ணா எண்டதும் பார்க்காமல் இந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

எனக்குப் பயம் மற்றப் பக்கம்தான். புனேயில் யாஜ்னிக் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், அங்கே பிறந்த பிள்ளைகள் இங்கிலாந்துப் பிள்ளைகளைவிட எடை நல்லாக் குறைவு. ஆனால் தோலுக்குக் கீழுள்ள கொழுப்பு அந்தளவுக்குக் குறையேல்லை. பி.எம்.ஐ.க்குக் கொழுப்பும் தெரியாது, தசையும் தெரியாது. எங்கட வீடுகளில் நீரிழிவு சொந்தக்காரர் மாதிரி வந்து குந்தியிருக்கேக்க, நடுவில் நிக்கிற பிள்ளையைத் திணிச்சுத் திணிச்சு மேலே தள்ளுறது எனக்குச் சரியாப் படேல்லை.

"ஒருநாள் அளவை வைச்சு முடிவெடுக்காதீங்கோ அக்கா. போன வருசங்களின்ர அளவையும் டொக்டரிட்டைக் கேளுங்கோ, ஒரே கோட்டிலை போறானா எண்டு பாருங்கோ" எண்டேன்.

தலையை ஆட்டினா. சத்துமா கப் மட்டும் மேசையை விட்டுப் போகேல்லை.