மலையேறும் பிள்ளைகளைத் தடுக்காதீர்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அண்மையில் நடந்த ஒரு கூட்டத்தில் நம் சமூகப் பெரியவர் ஒருவர் இளையோருக்கு அறிவுரை சொன்னார். வார இறுதியில் பகாங், கிளந்தான் மலைகளிலுள்ள ஓராங் அஸ்லி பழங்குடி மக்களின் கிராமங்களுக்கு மருத்துவக் குழுக்களோடு தொண்டர்களாகப் போவது வீண் வேலை என்றார். மூன்று காரணங்களை அடுக்கினார். மருத்துவம் அரசாங்கத்தின் கடமை; மருத்துவம் படிக்காதவர் நோயாளியை நெருங்கினால் ஆபத்து; நம் மக்களே தவிக்கும்போது அடுத்தவரைப் பார்க்கப் போவானேன். கைதட்டல் பலமாக இருந்தது. அந்த மூன்று காரணங்களில் ஒன்றுகூட நிற்காது. மூன்றாவது, நம் வாயிலிருந்து வரவே கூடாதது.

கடமை அரசாங்கத்தினுடையதுதான். யாரும் மறுக்கவில்லை. ஆனால் கடமை ஏட்டில் இருப்பது வேறு, மருந்து குடிசைக்குப் போய்ச் சேர்வது வேறு. 2019ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் கிளந்தானின் குவா மூசாங் வட்டாரத்திலுள்ள கோலா கோ கிராமத்தில் ஓராங் அஸ்லியரில் ஒரு பிரிவினரான பாத்தேக் மக்கள் அடுத்தடுத்து மடிந்தார்கள். 15 பேர் இறந்ததாகச் செய்தி வந்தது. முதலில் மர்ம நோய் என்றார்கள். அங்கே பரவியிருப்பது தட்டம்மை என்று ஜூன் 17ஆம் தேதி சுகாதார அமைச்சு அறிவித்தது. இரண்டு தடுப்பூசியில் தடுத்துவிடக்கூடிய நோய் அது. நாட்டில் தடுப்பூசித் திட்டம் இருந்தது, ஊசி இலவசம், தாதியரும் இருந்தார்கள். இருந்தும் அந்தக் கிராமத்துப் பிள்ளைகள் பலருக்கு இரண்டாவது ஊசி போய்ச் சேரவில்லை.

காட்டில் இடம் மாறி மாறி வாழும் குடும்பத்தில் எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி பாக்கி என்று கணக்கு வைக்கவும், தாதி வரும் நாளில் தாய்மாரைத் திரட்டவும் பக்கத்தில் ஆள் வேண்டும். அரசாங்கம் கடமையைச் செய்யட்டும் என்று ஐயா மேடையில் முழங்குகிறார். எந்த மலையில் அது செய்யப்படவில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஏறிப் பார்த்தவர்கள் வந்து சொன்னால்தான் தெரியும். அந்தச் சாட்சிகளையே தடுத்து நிறுத்திவிட்டு அரசாங்கத்திடம் எதைக் கேட்கப் போகிறார்?

படிக்காதவர் நெருங்கினால் ஆபத்து என்பது அடுத்த வாதம். ஐயா கோம்பாக் சாலையில் பன்னிரண்டாவது மைல் வரை போயிருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டார். அங்கேதான் 1957இல் டாக்டர் மால்கம் போல்டன் தொடங்கிய ஓராங் அஸ்லி மருத்துவமனை இருக்கிறது. நோயாளியோடு குடும்பமே வந்து தங்க அவர் இடம் கொடுத்தார். ஓராங் அஸ்லி இளைஞர்களையே மருத்துவப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார். மலைக்கும் மருத்துவமனைக்கும் பாலம் போட்டவர்கள் பட்டதாரிகள் அல்லர், பயிற்சி பெற்ற கிராமத்து மனிதர்கள்.

தமிழ்நாட்டில் தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கியைப் பாருங்கள். கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையிலுள்ள பள்ளத்தாக்கு. ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் 147 குழந்தைகள் ஒரு வயதைக் காணாமல் இறந்த இடம். 1993வாக்கில் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா தம்பதியர் அங்கே ஒரு குடிசையில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களைச் சுகாதாரப் பணிக்குப் பழக்கினார்கள். பின்னாளில் அந்த எண்ணிக்கை 20ஐ ஒட்டி இறங்கியது. மராட்டியத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதியர் பயிற்றுவித்த கிராமத்துப் பெண்கள் பச்சிளங்குழந்தைகளுக்கு வீட்டிலேயே ஊசிகூடப் போட்டார்கள். அங்கே பிறந்த ஒரு மாதத்துக்குள் நேரும் இறப்பு 62 விழுக்காடு குறைந்தது. 1999இல் லான்செட் மருத்துவ இதழ் அந்த ஆய்வை வெளியிட்டது. ஆபத்து எங்கே இருக்கிறது, ஐயா?

நம் தொண்டர்கள் மலையில் அறுவை சிகிச்சை செய்யவில்லை. காசநோய்க்கு ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும்; நோயாளி நிறுத்திவிடுவார்; நோய் மருந்துக்கு அடங்காததாகத் திரும்பி வரக்கூடும். மாத்திரை அட்டையை வாங்கி, எத்தனை குழிகள் காலியாகியிருக்கின்றன என்று பார்க்க ஒருவர் போதும். மழையில் லோரித் தடம் சேறானால் கர்ப்பிணியை முன்கூட்டியே கீழே இறக்கிவரவும், பெரிய மருத்துவமனை முகப்பில் கடிதத்தை நீட்டி அவருக்காகப் பேசவும் ஒருவர் போதும். இதற்குப் பட்டம் தேவையில்லை, பொறுப்பு தேவை. ஒரு நாள் முகாம் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் குழுக்களும் உண்டு. அவர்களைக் கண்டியுங்கள், நானும் சேர்ந்து கண்டிக்கிறேன். அதைக் காரணம் காட்டி, மாதந்தோறும் ஏறுகிறவர்களையும் அந்தக் கூட்டத்தில் சேர்ப்பது நேர்மையற்ற பேச்சு.

கடைசி வாதம், நம் மக்கள் முதலில் என்பது. கிள்ளானில் பிறந்த அந்தப் பெரியவர் இதைச் சொல்வதுதான் தாங்க முடியவில்லை. 1901இல் டாக்டர் மால்கம் வாட்சன் கிள்ளானுக்கு வந்தபோது, ஊரே மலேரியாவில் விழுந்துகிடந்தது. சதுப்பை வடித்து, வாய்க்கால் வெட்டி, கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் காய்ச்சலை அடக்கினார். பிறகு ரப்பர் தோட்டங்களுக்குப் போனார். அந்தத் தோட்டங்களில் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிகள். அவர் நம் இனமல்ல, நம் மொழியும் அவருடையதல்ல. 'தன் மக்கள் முதலில்' என்று அவர் ஒதுங்கியிருந்தால் இன்று மேடையேறிப் பேச நம்மில் எத்தனை பேர் இருந்திருப்போம்? மருத்துவமனை எட்டாத தொலைவில் இருப்பதன் வலியைத் தோட்டத்தில் அனுபவித்த சமூகம், அதே வலியில் இருப்பவரைப் பார்த்து 'அடுத்தவர்' என்று சொல்லக் கூடாது. நம் தாமான் குடியிருப்பில் நீரிழிவால் கால் இழப்பவருக்கும் உதவ வேண்டும்தான். அதற்கு மலைக்குப் போகிறவர்கள் ஒருநாளும் குறுக்கே நிற்கவில்லை.

இளையோரே, தொடர்ந்து போங்கள். ஒரே கிராமத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். முறையாகப் பயிற்சி எடுங்கள். அந்த ஊர் இளைஞர்களையும் பழக்குங்கள். கண்ட குறைகளை எழுதி மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கொடுங்கள், பதில் வரும்வரை கேளுங்கள். ஐயா, உங்களால் மலையேற முடியாவிட்டால் குற்றமில்லை. ஏறுகிற பிள்ளைகளின் காலைப் பிடித்து இழுக்காதீர்கள்.