நிமிர்த்தி வைத்த லயம் நமக்கு வேண்டாம்



"காணி போதாது. ஆளுக்கொரு தனி வீடு கட்டினால் தேயிலை அழிந்துபோகும். மாடி வீடுதான் வழி." தோட்டத்து வீட்டுப் பிரச்சினையைப் பேசும் இடமெல்லாம் இந்தப் பேச்சும் கூடவே வருகிறது. கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆகவே கோபப்படுவதற்கு முன் கணக்குப் பார்ப்போம்.

ஓர் ஏக்கர் என்பது 160 பேர்ச்சஸ். குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் வீதம் 100 குடும்பங்களுக்கு 700 பேர்ச்சஸ். அது நாலரை ஏக்கருக்கும் குறைவு. 10 பேர்ச்சஸ் வீதம் கொடுத்தாலும் ஆறேகால் ஏக்கர்தான். பாதை, கான், மைதானம், பிள்ளை மடுவம் எல்லாம் சேர்த்து பத்து ஏக்கர் என்றே வைத்துக்கொள்வோம். தோட்டங்கள் நூற்றுக்கணக்கான ஏக்கர் கொண்டவை. அவற்றில் காடேறிக் கிடக்கும் மலைகளைத் தாண்டித்தான் நாம் கொழுந்தெடுக்கப் போகிறோம். 1992 இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. ஆனால் காணி இன்றும் அரசின் காணிதான். அரசு நினைத்தால் பத்து ஏக்கரைப் பிரித்துக் கொடுக்க முடியாதா?

ஒன்றை நாமும் ஒப்புக்கொள்கிறோம். எல்லா மலையிலும் வீடு கட்ட முடியாது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை நாம் மறக்கவில்லை. பாதுகாப்பான நிலம் உள்ள இடத்தில்தான் வீடு கட்ட வேண்டும் என்றால், அங்கே வீடுகள் கிட்டக் கிட்டத்தான் அமையும். அதற்கு நாம் எதிரியல்ல. பாதையும் பஸ்ஸும் இல்லாத மூலையில் தனி வீடு கிடைத்து, பிள்ளை பாடசாலைக்கு நடந்தே களைத்துப்போனால் அதுவும் வாழ்க்கையல்ல. பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்ட குரலுக்கு வருவது நம்முடைய பலம்.

நெருக்கமாக இருக்கலாம், நெரிசலாக இருக்க முடியாது. லயத்தில் நாம் பட்டது நெரிசல். ஒரே காம்பராவில் அடுப்பும் படுக்கையும் பிள்ளையின் படிப்பும். இஸ்தோப்பை அடைத்து மகனுக்கும் மருமகளுக்கும் இடம். அந்த லயத்தை நிமிர்த்தி வைத்து மாடி என்று பெயர் சூட்டினால் அது வீடாகிவிடுமா? மேல்மாடியில் விறகை எங்கே அடுக்குவது? மாட்டை எங்கே கட்டுவது? சம்பளம் போதாத மாதத்தில் கறிக்கு உதவும் மரக்கறித் தோட்டம் எங்கே? கொழும்பில் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்ட ஏழைக் குடும்பங்கள் லிஃப்ட் பழுது, தண்ணீர், பராமரிப்புக் கட்டணம் என்று அலைவதை அங்கே வேலை செய்யும் நம் பிள்ளைகள் வந்து சொல்கிறார்கள். பஸ்ஸும் ஆஸ்பத்திரியும் பக்கத்தில் உள்ள நகரத்திலேயே அந்த நிலை என்றால் நம் மலையில் என்ன ஆகும்?

எல்லாவற்றுக்கும் மேலாக, மாடியில் உள்ளவருக்கு எந்த மண் சொந்தம்? காணி உறுதி கையில் இருந்தால் நாளைக்கு மகன் கல்யாணம் முடிக்கும்போது அதே வீட்டின் மேல் நாமே ஒரு தட்டு எழுப்பிக்கொள்வோம். மாடி வேண்டுமா என்பதை முடிவுசெய்ய வேண்டியது அந்தக் குடும்பம். துரையும் கம்பனியும் அல்ல.

ஆகவே வீடு பற்றி யார் பேச வந்தாலும் நாம் கேட்க வேண்டியவை:

1. வீட்டுக்கு முன் காணி உறுதி. குடும்பத் தலைவியின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.
2. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்துச் சொன்ன பாதுகாப்பான நிலம். அந்த அறிக்கையை நமக்குத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும்.
3. வீடு திறக்கும் நாளிலேயே தண்ணீர், கான், மலசலகூடம், பாதை.
4. தோட்டங்களில் வேலை செய்யப் பிரதேச சபைகளுக்கு இருந்த தடை 2018 இல் சட்டத் திருத்தத்தால் நீங்கியது. குப்பைக்கும் பாதைக்கும் சபை பொறுப்பேற்க வேண்டும்.

வரைபடம் காட்டி அவசர அவசரமாகக் கையெழுத்துக் கேட்டால் யாரும் தனியாகப் போட வேண்டாம். தோட்டக் கமிட்டியைக் கூட்டுங்கள். மாதர் தலைவிகளை முன்னால் உட்கார வையுங்கள், ஏனென்றால் அந்த வீட்டில் அடுப்பெரிக்கப் போவது அவர்கள். வரைபடத்தை நடுவில் விரித்து, என் காணி எது என்று ஒவ்வொருவரும் விரல் வைத்துக் கேளுங்கள். பதில் இல்லாத வரைபடத்தைச் சுருட்டித் திருப்பிக் கொடுப்போம்.