ஆளுக்கொரு கணக்கு



குடும்ப வீடியோக்களை எல்லா டிவியிலும் பார்க்க, ஜெல்லிஃபின் என்ற இலவச சர்வரை வீட்டிலேயே அமைக்கிறீர்கள். நல்லது. ஆனால் வீட்டுக்கே ஒரே அட்மின் கணக்கு என்பது சரியல்ல.

அது சாவிக்கொத்து மாதிரி. அதில் நுழையும் குழந்தை எந்தப் படத்தையும் பார்க்கலாம். அழிக்கும் அனுமதியும் இருந்தால் தாத்தாவின் அறுபதாம் கல்யாண வீடியோ அடியோடு போய்விடும். தனிக்கணக்கு கொடுத்தால் வயதுக்கேற்ற வரம்பு வைக்கலாம். பாட்டி பாதியில் நிறுத்திய படமும் விட்ட இடத்திலிருந்தே தொடங்கும்.

படம் திக்கினால் உடனே இணையத்தைத் திட்டாதீர்கள். டிவிக்கு ஒத்துவராத கோப்பை சர்வர் ஓட ஓட மாற்றித் தரும்போது பழைய கணினி திணறும். எச்.264 எம்பி4 ஆக ஒருமுறை மாற்றிவையுங்கள். பெரும்பாலான டிவிகள் ஏற்கும்.

பிள்ளைகள்மீது சந்தேகம் என்று நினைக்காதீர்கள். எது யார் கைக்குப் போகலாம் என்பது பெரியவர்கள் எடுக்கவேண்டிய முடிவு.